பெயர் போடாத ஐந்து வரிசைகள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைவிட வேகமாகக் கை ஓடும் என்று கேள்விப்பட்டேன். ஓடட்டும். நாற்பது பத்தி அகலத்துக்குப் படுத்துக் கிடக்கும் ஒரு கணினித் தாளை இரண்டு சொடுக்கில் நான்கு பத்தியாக நிமிர்த்தி நிறுத்துவீர்கள். நிமிர்ந்ததை மறுபடி வேறு திசையில் மடக்கிப் போடுவீர்கள். முதல் வேலைக்கு அன்பிவட் என்று பெயர், இரண்டாவதற்குப் பிவட். இந்த இரண்டும் வந்துவிட்டால் தொழில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருடம் நினைத்தேன்.

அந்தப் பொத்தான்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருவர் சிரித்த முகத்தோடு நான்கு மண்டலம், பன்னிரண்டு மாதம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து திருப்பிக் காட்டுவார். அவருடைய தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. அப்படி ஒரு தாளை என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்றும் தெரியவில்லை.

நம் தாள் எப்படி இருக்கும் என்று நான்கு நாளில் நீங்களே பார்ப்பீர்கள். அதைத் தயாரித்தவருக்கு அது ஒரு கல்யாணப் பத்திரிகை. மூன்று அடுக்குத் தலைப்பு, மயில் கழுத்து நிறம். மேலடுக்கில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று சாதி வகுப்புப் பிரிவுகள். அதன்கீழ் ஆண், பெண். அதன்கீழ் தமிழ்வழி, ஆங்கிலவழி. இடது ஓரத்தில் ஊர்ப் பெயர். ஊருக்கு ஐந்து வரிசை, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. ஐந்து வரிசையிலும் ஊர்ப் பெயரை எழுதினால் யாருக்கோ அசிங்கமாகத் தோன்றியிருக்கிறது. அதனால் ஐந்து கட்டத்தையும் ஒன்றாக இணைத்து, நட்டநடுவில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு முறை எழுதுவார்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இணைப்பைப் பிரித்தால் பெயர் முதல் வரிசையில் மட்டும் நிற்கும்; கீழே நான்கும் காலி. அந்த நான்கிலும் பெயரை நிரப்பினால்தான் தாளை நிமிர்த்த முடியும். அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. காலியான கட்டம் எதைப் பார்த்தாலும், அதற்கு நேர் மேலே உள்ளதை எடுத்து அதில் எழுதிக்கொண்டே கீழே இறங்கிவிடும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

நான் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சியில், பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தொகுக்கும் ஒரு மேசையில். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைத்தான் ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கண்காணிப்பாளருக்கு ஒரு தாள் சரியா தவறா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் தெரியும். நேராகக் கடைசி வரிசைக்குப் போவார். மொத்தத்தைப் பழைய தாளின் மொத்தத்தோடு ஒப்பிடுவார். "டேலி ஆவுதா? ஆவுது. அனுப்பு." மொத்தம் சரியாக இருந்தால் உள்ளே யாரை எங்கே தூக்கிப் போட்டிருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. வீட்டில் தலைகளை எண்ணி, எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை படுத்திருந்தாலும் போர்த்திவிட்டுப் போகிறவர் அவர்.

ஒரு முறை ஒரு பள்ளியிலிருந்து வந்த தாளில் சில எண்களுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். நான் தாளை நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போது நிறம் கூடவே வராது. எண் மட்டும்தான் வரும். இரண்டு நாள் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை போன் செய்து, மஞ்சள் என்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்ட பிள்ளைகள், அவர்களை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார். கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "மஞ்சப் பூசறதெல்லாம் வூட்டோட வெச்சிக்கச் சொல்லும்மா" என்றார். அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு தாளை அனுப்புகிறவர் எண்ணால் மட்டும் பேசுவதில்லை என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்புச் சத்தத்தில் உறைக்கவில்லை.

இனி, நான் சொல்ல வந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு நாள் அலுவலக வாசலில் மனுவோடு கூட்டம் நிற்கும். அவர்களுக்குக் கொடுத்தால் எங்களுக்குக் குறையும் என்று மறுநாள் இன்னொரு கூட்டம். நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்தது அலுவலகத்துக்குள் நடந்தது மட்டும்தான். அதுவரை எங்கள் மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் தேநீர் டம்ளரோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். எழுத்தர், ஓட்டுநர், வேறு துறைக்காரர், எல்லோரும். ஒவ்வொருவரும் தம் பத்தியை மட்டும் பார்ப்பார்கள். "நம்முது எவ்ளோ?" என்று கேட்பார்கள். சொன்னதும் ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் "ஏதோ கொளறுபடி பண்ணிக்கினு இருக்கீங்க" என்பார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இன்னா கவலை பாயம்மா, உங்களுக்குத்தான் தனிக் கட்டம் கட்டிக் குடுத்துட்டாங்களே" என்பார். நான் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து மருமகள்; எங்களுக்கு முன்பே தனி ஒதுக்கீடு உண்டு. சிரித்து வைப்பேன். சிரித்து வைப்பதும் ஒப்பந்தத்தில் எழுதாத ஒரு ஷரத்து.

எஸ்.டி. பத்தியைப் பார்க்க மட்டும் ஒருவரும் வரவில்லை. அது கல்வராயன் மலைப் பத்தி. மலைப் பள்ளிகளின் தாளில் மற்ற எல்லாப் பத்திகளும் காலியாகவும் அது ஒன்று மட்டும் நிரம்பியும் இருக்கும். அதில் யாரும் யாரோடும் போட்டி போடவில்லை; அதனால் அதைப் பற்றி யாருக்கும் அக்கறையும் இல்லை.

அந்த நாள் பிப்ரவரியில் வந்தது. என் மகள் நஸ்ரின் அப்போது பிளஸ் ஒன். சின்னசேலத்தில் படித்தாள். அன்றைக்கு அவளுக்குச் செய்முறைத் தேர்வு. வழக்கம்போல் ஏழே காலுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அவளிடம் போன் இல்லை. ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் உட்காரும்போது, சேலம் சாலையில் மறியல் என்று செய்தி வந்தது. ஒன்பதே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் நான்கு பெண்கள் இன்னும் வரவில்லை, வீட்டிலேயே நிறுத்திக்கொண்டீர்களா என்று கேட்டார்கள். ஏழே காலுக்கே கிளம்பிவிட்டாள் என்றேன்.

பத்து மணிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஊர்வாரியாக, சாதி வகுப்புவாரியாக, ஆண் பெண் பிரித்து, எல்லாப் பள்ளிகளும் சேர்ந்த ஒரே தாள், மதியம் இரண்டு மணிக்குள். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் சொல்வதில்லை. கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்து, சமவெளிப் பள்ளிகளை நன்றாகப் பார்த்துச் செய்யச் சொன்னார். "அங்கதான் ஆளாளுக்குக் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கினு பாக்குறானுங்க. மல ஒரே கலருதானே, சும்மா சேர்த்து வுடு."

என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு மகளைத் தேடிப் போயிருந்தார். நான் ஒரு கையால் தாளைப் பிரித்துக்கொண்டும் மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். சின்னசேலம் பேருந்து நிலையத்தில் கடை வைத்திருக்கும் உறவுக்காரரிடம் கேட்டேன். அந்தப் பேருந்து வந்துசேரவே இல்லை என்றார். ஓட்டுநர் மறியலைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று கிராமச் சாலையில் திருப்பியிருக்கலாம் என்றார் ஒருவர். கல் விழுந்தது என்றார் இன்னொருவர். எந்தப் பேருந்தின் மேல் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. இப்படிச் சொல்கிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

மலைப் பள்ளி ஒன்றின் தாள் முந்தைய நாள் வந்திருந்தது. அதில் வரும் இரண்டு குக்கிராமங்களை மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மேலூருக்கு ஐந்து வரிசை, நடுவில் தடித்த எழுத்தில் பெயர். அதன்கீழ் இன்னும் ஐந்து வரிசை. எண்கள் இருந்தன, ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. அதன்கீழ் மூன்றாவதாக வேறொரு ஊர். அந்த வெற்றிடத்தை நான் அன்று பார்த்தேனா இல்லையா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்த்தேன். கண் பார்த்தது. "அப்புறம்" என்று சொல்லிக்கொண்டேன்.

இணைப்பைப் பிரித்தேன். நிரப்பும் பொத்தானை அழுத்தினேன். மேலூர் என்ற பெயர் முதல் வரிசையிலிருந்து வழிந்து பத்தாவது வரிசை வரை இறங்கியது.

பதினோரு மணி இருக்கும், போன் அடித்தது. அந்த மலைப் பள்ளித் தலைமையாசிரியர். மகளைப் பற்றி யாராவது அழைக்கும்போது கிடைக்காமல் போய்விடுமோ என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன். மலையில் போன் பேச வேண்டுமானால் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நடந்து வர வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. மூன்றாவது முறை அடிக்கவில்லை.

தாளை நிமிர்த்தி, எல்லாப் பள்ளிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பிவட் போட்டேன். ஒரே ஊருக்கு இரண்டு ஆறாம் வகுப்பு, இரண்டு பத்தாம் வகுப்பு இருந்தால் மனிதன் என்றால் கேட்பான். பிவட் கேட்காது. சத்தமில்லாமல் கூட்டிவிடும். மேலூரில் பத்தாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். கீழூரில் மூன்று பேர். தாளில் மேலூருக்கு ஆறு. கீழூர் என்று ஓர் ஊரே இல்லை. மொத்தம்? மொத்தம் அட்சரசுத்தமாகச் சரியாக இருந்தது. கண்காணிப்பாளர் கடைசி வரிசையைப் பார்த்தார். "டேலி ஆவுது" என்றார். ஒன்று நாற்பதுக்கு அனுப்பினேன்.

நஸ்ரின் மாலை ஐந்தரைக்கு வந்தாள். பேருந்து நைனார்பாளையத்தில் மாட்டிக்கொண்டதாம். அங்கேயும் சாலையில் உட்கார்ந்திருந்தார்களாம். உட்கார்ந்திருந்தவர்களில் இருந்த பெண்களே இந்த நான்கு பேரையும் ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, சாயங்காலம் பால் வண்டியில் ஏற்றி, ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலையிலிருந்து நான் மனதுக்குள் யாரையெல்லாம் சபித்தேனோ அவர்கள். "சாம்பாரு நல்லா இருந்துச்சும்மா" என்றாள் மகள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தத் தாள் என் நினைவிலேயே இல்லை.

ஜூன் மாதம். நடுப்பகல். தலைமையாசிரியர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவரோடு ஒருவர், தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் உறை. கச்சிராயபாளையம் வழியாக இரண்டு பேருந்து மாறி இறங்கியிருக்கிறார்கள். அவர் பெயர் பொன்னுசாமி, கீழூர்க்காரர். மகள் சங்கீதா பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாள். கீழே பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தால்தான் பதினொன்று படிக்க முடியும். மலையிலிருந்து தினமும் வந்துபோகிற தூரமில்லை. விடுதியில் இடத்தை ஊர்வாரியாகப் பிரித்திருந்தார்கள். எந்தத் தாளை வைத்துப் பிரித்தார்கள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அவர் சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணு பேரு இல்லன்னா கூட புரியுதும்மா. ஊரே இல்லன்றாங்க. நாங்க ரெண்டு மாசம் மொளகு பறிக்கத்தான் போனோம். ஊரு எங்கம்மா போச்சு?"

தலைமையாசிரியர்தான் விளக்கினார். கீழூர்க் குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் கேரளப் பக்கம் மிளகு பறிக்கப் போய்விடும். பெரிய பெண்களும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளக் கூடவே போவார்கள். பங்குனியில் பரீட்சைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய வருடம் அவர் ஊர்ப் பெயரை எழுதி அனுப்பினார். சரிபார்க்கப் போனவர் கீழூரில் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, "இடம்பெயர்ந்தனர்" என்று எழுதி அத்தனை பிள்ளைகளின் பெயரையும் அடித்துவிட்டார். அவர்களைப் பரீட்சை எழுத வைக்கத் தலைமையாசிரியர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அதனால் இந்த வருடம் எண்களை மட்டும் போட்டு ஊரை எழுதாமல் விட்டார். பார்க்கிறவர் போன் செய்து கேட்பார், அப்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. யாரும் கேட்காததால் தாமே பாறைக்கு வந்து அழைத்திருக்கிறார்.

"ரெண்டு தடவ அடிச்சேன். கட் பண்ணீங்க. சரி, வேலையா இருக்காங்கன்னு நெனச்சிக்கினேன்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னார்: "காலியா வுட்டா கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களே எழுதிக்குவீங்கன்னு நெனைக்கலம்மா."

அன்றைக்கு என் மகளைக் காணோம் என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. எதிரில் இன்னொரு பெண்ணின் தகப்பன் நின்றுகொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் கண்காணிப்பாளரிடம் போய், பத்து வரிசையையும் காட்டி, திருத்தம் அனுப்பலாம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். "பைத்தியமா உனக்கு? வகுப்புவாரித் தாளு. இருக்கிற சூட்டுல ஒரு எண்ணைத் தொட்டேன்னு தெரிஞ்சா, எல்லா எண்ணையும் தொட்டேன்னு வாசல்ல வந்து உக்காருவானுங்க. ரெண்டு பக்கத்துக்காரனும் உக்காருவான்."

வகுப்பு எண் மாறாது சார், ஊர்தான் மாறும், மொத்தம் அப்படியே இருக்கும் என்றேன்.

"மொத்தம் அப்படியே இருக்குன்னா அப்புறம் இன்னாத்துக்குத் திருத்தம்?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது எனக்கு ஒரு சௌகரியமாக இருந்தது. ஜூன் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். மகள் பிளஸ் டூவுக்கு வந்திருந்தாள். கலவரம் என்று ஏதாவது கிளம்பினால் முதலில் யார் பெயர் அடிபடும், அதுவும் என் பெயர் எப்படிப்பட்ட பெயர் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயப்படுகிறவருக்குக் காரணம் கிடைப்பதுபோல் உலகத்தில் வேறெதுவும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன். அந்த ஒன்பது நாளும் அலுவலகம் போனேன், தாள்களைத் திருப்பினேன், மடக்கினேன், ஒரு தவறும் செய்யவில்லை. எங்கள் அறையில் வேறு ஒரு பெண் என்னிடம் மொத்தம் போடும் சூத்திரத்தில் சந்தேகம் கேட்டாள், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிடப் பெரிய போலி அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு இருந்திருக்க மாட்டார்.

பத்தாம் நாள் கண்காணிப்பாளரைக் கேட்காமல், அவருக்கும் மேலே இருந்த அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பழைய பத்து வரிசையையும் சரியான பத்து வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவறு என்னுடையது, பள்ளியுடையதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வாசலில் வந்து உட்காரவில்லை. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஒப்பந்தம்கூடப் புதுப்பிக்கப்பட்டது. கண்காணிப்பாளர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அது ஒரு தண்டனை என்று அவர் நினைத்திருப்பார் போல. ஒன்பது நாள் நான் எதற்குப் பயந்தேனோ அது புறப்பட்டே வரவில்லை.

பதில் கடிதம் மட்டும் வந்தது. கீழூர் சேர்க்கப்பட்டது என்றும், நடப்பு ஆண்டுப் பட்டியல் முடிந்துவிட்டதால் அடுத்த கல்வியாண்டில் பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது. பட்டியல் முடிந்த நாளையும் குறிப்பிட்டிருந்தார்கள். நான் வாய் மூடியிருந்த ஒன்பது நாளில் அது ஆறாவது நாள்.

கீழூரின் மூன்று பெண்களில் இருவர் உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். சங்கீதாவுக்கு அப்படி யாரும் இல்லை. சித்தி மகளோடு பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போய்விட்டாள். அடுத்த ஜூனில் விடுதியிலிருந்து கடிதம் போனது, அவள் பெயருக்கே, ஊர்ப் பெயர் தடித்த எழுத்தில். தலைமையாசிரியர் அவளிடம் போனில் பேசிவிட்டு என்னை அழைத்தார். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தேன்.

"வரமாட்டேன்றாம்மா. புக்கைத் தூக்கிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு சார், இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு சின்னப் பசங்களோட போய் உக்காருவேன்னு கேக்குறா. நான் இன்னா சொல்றது?"



காலிக் கட்டத்தைப் பார்த்தால் கேளுங்கள் என்று ஒரு வரியில் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். பயிற்சியில் சொல்லவும் சொல்வார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வீர்கள். பிறகு ஒரு நாள் இரண்டு மணிக்குள் என்று உத்தரவு வரும், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கும், பொத்தான் விரலுக்கடியில் இருக்கும். அழகுக்காக இணைத்ததால் காலியான கட்டமும், ஒருவர் யோசித்து, பயந்து, யாரையோ காப்பாற்ற விட்ட காலிக் கட்டமும் திரையில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். மொத்தம் இரண்டுக்கும் சரியாக வரும். அதனால் மொத்தத்தைக் காட்டி யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால், அவர் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் அது உங்கள் முகமாகிவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வேலையை விட்டது அதனால்தான்.

நஸ்ரின் பள்ளிப் படிப்பை முடித்தபோது ஒரு சான்றிதழுக்காக அவளுடைய இரண்டு வருட வருகை நாட்களும் தேவைப்பட்டன. பிளஸ் ஒன்னில் அவளுக்கு வகுப்பாசிரியையாக இருந்தவரைப் பார்க்கச் சின்னசேலம் போனேன். அவர் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, மாதம் மாதமாக விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். பிப்ரவரியில் விரல் ஓர் இடத்தில் நின்றது. ஒரே நாளுக்கு நேராக நான்கு பெண்களின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. வந்ததற்கான கோடும் இல்லை, வராததற்கான எழுத்தும் இல்லை.

இது என்ன டீச்சர் என்று கேட்டேன்.

"அன்னிக்கு மறியல்ல மாட்டிக்கினாங்களே. வூட்ட வுட்டுக் கெளம்பிட்டாங்க, வழியில எங்கியோ இருக்காங்கன்னு தெரியுது. வரலன்னு எப்படிங்க போடறது? போட்டுட்டா பிராக்டிகலும் போயிடும். அதான் அப்படியே வுட்டுட்டேன். ஆபீஸ்ல கேட்டாங்க, வெவரம் சொன்னேன். அடுத்த வாரம் நாலு பேருக்கும் தனியா வெச்சாங்க."

நன்றி சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலை அடுத்த நாளுக்கு நகர்த்தி, மீதியை எண்ணப் போய்விட்டார். அந்த நான்கு கட்டங்களில் மேலிருந்து இரண்டாவது என் மகளுடையது. அதற்கு நேர் மேலே அன்றைக்குப் பள்ளிக்கு வராத வேறொரு பெண்ணின் கட்டம் இருந்தது. அதில் சிவப்பு மையில் ஒரு 'ஆ', ஆப்சென்ட்.

அதை யாரும் கீழே இழுக்கவில்லை.